ஒற்றை அணு வினையூக்கி: வேலை செய்யும் அமைப்பைக் கண்டறிவது எப்படி

ஆய்வு மாணவர் ஒருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார். கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மஞ்சள் வட்டம் போடப்பட்டிருக்கிறது. "ஒற்றை அணு வந்துவிட்டது, சார்" என்கிறார். வந்திருக்கலாம். ஆனால் அந்தப் படம் சொல்வது, தாங்கியின் (உலோகத்தைத் தன்மேல் தாங்கும் ஆக்சைடு அல்லது கரித் தூள்) மேல் உலோக அணுக்கள், துகள்களாகச் சேராமல், தனித்தனியாகவும் இருக்கின்றன என்பதை மட்டுமே. வினையை நடத்துவது அந்த அணுக்கள்தாம் என்பது வேறொரு கூற்று. அதற்கு வேறு சான்று தேவை. கல்யாணச் சமையல்கூடத்தில் ஐம்பது பேர் நிற்கலாம். கரண்டி பிடிப்பவர் மூன்று பேராக இருக்கலாம். நின்றவர்களை எண்ணிவிட்டுச் சமைத்தவர் யார் என்று சொல்ல முடியாது.

2011-இல் சீனாவின் டாலியன் வேதி இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த சாங் தாவும் அவருடைய கூட்டாளிகளும் இரும்பு ஆக்சைடின் மேல் பிளாட்டினத்தைத் தனி அணுக்களாகப் பதித்து, அது கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்வதைக் காட்டிய பிறகே 'ஒற்றை அணு வினையூக்கம்' என்ற பெயர் பரவலாயிற்று. அதன்பின் இத்துறை வளர்ந்த வேகத்தில், மேலே சொன்ன இரண்டு கூற்றுகளும் ஒன்றாகக் குழைந்துவிட்டன என்பது என் கருத்து. சென்னையில் ஒரு சாதாரண ஆய்வகத்தில் இருந்துகொண்டு அவற்றைப் பிரித்து நிறுவும் வழியை இந்தக் கட்டுரை சொல்கிறது. இதில் வரிசை முக்கியம். நம் முடிவைக் கவிழ்க்கக்கூடிய சோதனைகளில் செலவு குறைந்ததை முதலில் செய்துவிட வேண்டும். அதில் தேறாத மாதிரியை எக்ஸ்-கதிர் அளவீட்டுக்காக இந்தூர் வரை சுமந்து செல்வது வீண்.

உலோகம் எவ்வளவு, எங்கிருந்து வந்தது

முதல் வேலை மாதிரியில் உள்ள உலோகத்தின் அளவை ஐசிபி முறையில் (கரைசலைப் பிளாஸ்மாவில் செலுத்தித் தனிமங்களை அளக்கும் முறை) அளப்பது. சேர்த்த அளவை வைத்துக் கணக்கிட்டு எழுதக் கூடாது. கழுவும்போது எவ்வளவு போயிற்று என்பது அளந்தால்தான் தெரியும். ஆக்சைடு தாங்கியில் உள்ள பிளாட்டினத்தை இராஜ திராவகத்தில் கரைத்துவிடலாம். கரித் தாங்கியானால் அமிலத்தில் ஊறவைப்பது மட்டும் போதாது, ஏனெனில் கார்பன் அடுக்குகளுக்குள் புதைந்த உலோகம் வெளியே வராது. காற்றில் எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலைக் கரைத்து அளக்க வேண்டும். கிடைத்த எடை விழுக்காட்டை உடனே மோலுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. 1 விழுக்காடு பிளாட்டினம் என்றால் ஒரு கிராம் வினையூக்கியில் சுமார் 51 மைக்ரோமோல். அதே 1 விழுக்காடு இரும்பானால் சுமார் 179 மைக்ரோமோல். எடை விழுக்காட்டிலேயே ஒப்பிடுபவர் இந்த மூன்றரை மடங்கு வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்.

அடுத்தது வெற்றுச் சோதனை. உலோக உப்பைச் சேர்க்காமல், மற்ற எல்லாப் படிகளையும் அதே குழல் உலையில், அதே படகில் (மாதிரியை வைத்துச் சுடும் சிறு தட்டு), அதே கழுவலோடு செய்து அந்த மாதிரியையும் வினைக்கு உட்படுத்த வேண்டும். இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. இரும்பும் நைட்ரஜனும் சேர்ந்த கரி வினையூக்கி ஒன்றை ஆக்சிஜன் ஒடுக்க வினைக்காகச் செய்தோம். கொட்டாங்குச்சிக் கரியைப் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் வாங்கி, மெலமைனோடு அரைத்துச் சுட்டோம். முடிவு அருமையாக இருந்தது. நாங்கள் மகிழ்ந்து வரைபடமெல்லாம் வரைந்த பிறகுதான் இரும்பு சேர்க்காத மாதிரியை ஓட்டினோம். அதுவும் ஏறக்குறைய அதே அளவுக்கு வேலை செய்தது. கரியிலேயே இரும்பு இருந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பலமுறை கழுவிய பிறகே அடங்கியது. கடைக்காரர் மீது குற்றமில்லை. வடிகட்டவும் நிறம் நீக்கவும் விற்கும் கரி அது. தூய்மை பார்க்காமல் வாங்கியது நாங்கள்.

உலோகம் உள்ளே வரும் வாசல்கள் இன்னும் உண்டு. லாரித் தண்ணீரை நம்பி ஓடும் கட்டடங்களில், அயனி நீக்கும் கருவியின் பிசின் தீர்ந்துபோனதை யாரும் கவனிக்காவிட்டால், கடைசிக் கழுவலே மாதிரியைக் கெடுத்துவிடும். நீரின் மின்தடையைக் கழுவும் நாளில் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். முன்பு பிளாட்டினம் சுட்ட படகில் இரும்பைச் சுடக் கூடாது. மின்வேதி அளவீட்டில், குறிப்பாக அமிலத்தில் ஹைட்ரஜன் வெளியேற்ற வினையை ஆராயும்போது, எதிர் மின்முனையாகப் பிளாட்டினக் கம்பியை வைத்தால், அது சிறிது சிறிதாகக் கரைந்து நம் மின்முனையில் படிந்து, நம் வினையூக்கி நாளுக்கு நாள் மேம்படுவதுபோல் காட்டும். கிராஃபைட் தண்டு இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

படமும் எண்ணிக்கையும்

தனி அணுவைக் காண்பதற்கு, பிறழ்ச்சி திருத்தப்பட்ட வருடு ஊடுருவல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், அகன்ற கோணத்தில் சிதறும் எலக்ட்ரான்களைக் கொண்டு படம் எடுக்க வேண்டும். அணு எண் கூடக் கூடப் புள்ளி பளிச்சென்று தெரியும். எனவே கரியின் மேல் இரும்பும், இரும்பு ஆக்சைடின் மேல் பிளாட்டினமும் தெரியும். சீரியம் ஆக்சைடின் மேல் பிளாட்டினத்தைப் பிரித்தறிவது கடினம், ஏனெனில் 58-க்கும் 78-க்கும் இடையே உள்ள இடைவெளி போதாது. அங்கே படத்தை முதன்மைச் சான்றாக வைக்க வேண்டாம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது பானை முழுதும் ஒரே சூட்டில் வெந்தால்தான் பொருந்தும். வினையூக்கித் தூள் அப்படி வேகும் பண்டம் அன்று. இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பிளாட்டின உலோகத்தில் ஒரு கன நானோமீட்டருக்குச் சுமார் 66 அணுக்கள் உள்ளன. 2 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு துகளின் கன அளவு சுமார் 4.2 கன நானோமீட்டர். ஆக, ஒரு துகளில் ஏறத்தாழ 277 அணுக்கள். மொத்தப் பிளாட்டினத்தில் 5 விழுக்காடு மட்டும் இத்தகைய துகள்களில் ஒளிந்திருப்பதாகக் கொண்டால், ஒரு துகளுக்கு 19 மடங்கு 277, அதாவது சுமார் 5,260 தனி அணுக்கள் இருக்கும். ஒரு படத்தில் 100 தனி அணுக்கள் தெரிகின்றன என்றால், சராசரியாக ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தால்தான் ஒரே ஒரு துகள் கண்ணில் படும். பெரும்பாலான கட்டுரைகளில் நான்கைந்து படங்களே இருக்கின்றன.

ஆகவே குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்கி, இடங்களை முன்கூட்டியே தீர்மானித்து, அழகான இடம் தேடாமல் வரிசையாகப் படம் எடுக்க வேண்டும். எத்தனை படங்கள், எத்தனை தானியங்கள், எத்தனை புள்ளிகள் என்று எண்ணிக்கையைக் கட்டுரையில் கொடுக்க வேண்டும். எலக்ட்ரான் கற்றையே அணுக்களை நகர்த்திச் சேர்த்துவிடும் என்பதால், அதே இடத்தை இரண்டு மூன்று முறை தொடர்ந்து எடுத்து, புள்ளிகள் இடம் மாறுகின்றனவா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

எக்ஸ்-கதிர் உட்கவர்தல்

படம் ஒரு சில தானியங்களைக் காட்டும். எக்ஸ்-கதிர் உட்கவர்தல் நிறமாலை மாதிரி முழுவதன் சராசரியைத் தரும். இதற்கு ஒத்தியங்கு முடுக்கியின் (சின்க்ரோட்ரான்) ஒளி தேவை. நமக்கு அருகில் இருப்பது இந்தூரில் உள்ள இராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தின் 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய இந்துஸ்-2. அங்கே எக்ஸாஃப்ஸ் (உலோக அணுவின் அண்டைகளையும் அவற்றின் தொலைவையும் காட்டும் உட்கவர்தல் நிறமாலை) அளவீட்டுக்கென்று தனி ஒளிக்கற்றைத் தடங்கள் உள்ளன. விண்ணப்பித்து நாள் வாங்க வேண்டும். சென்னையிலிருந்து ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும் பயணம். நம் ஊரின் ஈரப்பதம், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழையில், அமிலம் தொட்ட கரி மாதிரிகளைத் திறந்து வைத்தாலே எடை கூட்டிவிடும். எனவே தூளை இங்கேயே மாத்திரைகளாக அழுத்தி, கேப்டன் (Kapton) எனும் பாலிமர் நாடாவில் மூடி, சிலிக்கா ஜெல்லோடு உறையிட்டு எடுத்துச் செல்வது வழக்கம். காற்றில் மாறக்கூடிய மாதிரியானால் ஆர்கான் நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள் மூட வேண்டும்.

ஒப்பீட்டு மாதிரிகள் இல்லாமல் போகக் கூடாது. இரும்புக்கு இரும்புத் தகடு, ஃபெரிக் ஆக்சைடு, இரும்புத் தாலோசயனின் (நான்கு நைட்ரஜன்களுக்கு நடுவே தனி இரும்பு அமர்ந்த சேர்மம்) மூன்றும் வேண்டும். பிளாட்டினத்துக்கு அதன் தகடும் பிளாட்டினம் டையாக்சைடும் வேண்டும். தகட்டை ஒவ்வோர் அளவீட்டோடும் சேர்த்தே பதிவுசெய்து, இரும்பின் கே விளிம்பை (உட்கவர்தல் திடீரென ஏறும் ஆற்றல்) 7,112 எலக்ட்ரான் வோல்ட்டிலும் பிளாட்டினத்தின் எல்3 விளிம்பை 11,564-இலும் நிறுத்திக்கொள்ள வேண்டும். இது இல்லாமல், விளிம்பு ஒரு வோல்ட் நகர்ந்ததை வைத்து ஆக்சிஜனேற்ற நிலையைப் பேசுவது வெறும் ஊகம். உலோகம் 1 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால் ஊடுருவும் கதிரை அளப்பதைவிட ஒளிர்வை அளப்பதே பயன்தரும்.

விளிம்பை ஒட்டிய பகுதியான ஸேன்ஸ், ஆக்சிஜனேற்ற நிலையையும் சுற்றமைப்பின் வடிவத்தையும் காட்டும். இரும்புத் தாலோசயனினில் விளிம்புக்குச் சற்றுமுன் தோன்றும் கூரிய தோள் போன்ற முகடு, சதுரத் தள அமைப்பின் அடையாளம். நம் மாதிரியில் அது மங்கியிருந்தால், இரும்பின் மேலோ கீழோ ஆக்சிஜன் போன்ற ஐந்தாவது ஈனி (உலோகத்தோடு பிணையும் அணு அல்லது மூலக்கூறு) அமர்ந்திருக்க வாய்ப்புண்டு.

அதற்கு அப்பால் உள்ள எக்ஸாஃப்ஸ் பகுதியில்தான் தவறுகள் மலிந்திருக்கின்றன. கட்ட விலகல் திருத்தம் செய்யாத வரைபடத்தில் முகடுகள் உண்மையான பிணைப்பு நீளத்தைவிடக் குறைவான இடத்தில் தோன்றும். இரும்பு–நைட்ரஜன் முகடு 1.5 ஆங்ஸ்ட்ராம் அருகே தெரிந்தாலும் உண்மை நீளம் 2-ஐ ஒட்டியது. உலோக இரும்பின் இரும்பு–இரும்பு முகடு 2.2 அருகே தெரியும், உண்மை 2.48. அடுத்த சிக்கல், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றையும் எக்ஸாஃப்ஸ் பிரித்தறியாது என்பது. அவை அணு எண்ணில் அடுத்தடுத்த அண்டைவீட்டார். 'நான்கு நைட்ரஜன்' என்று நாம் எழுதும்போது 'நைட்ரஜன்' என்ற பகுதி தயாரிப்பு முறையிலிருந்தும் பிற நிறமாலைகளிலிருந்தும் வந்த அனுமானமே.

'நான்கு' என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பொருத்துதலில் அணைவு எண் (ஓர் அணுவை ஒட்டியுள்ள அண்டை அணுக்களின் எண்ணிக்கை) 4.1 என்றும் பிழை 0.6 என்றும் வந்தால் அது சராசரி. பாதி அணுக்களுக்கு 3, மறுபாதிக்கு 5 என்றாலும் சராசரி 4-தான். மேலும் பொருத்துவதற்கு எத்தனை மாறிகள் நமக்குக் கிடைக்கும் என்பதற்கு எல்லை உண்டு. அலை திசையன் வீச்சு 3 முதல் 11 வரையும், தொலைவு வீச்சு 1 முதல் 3 ஆங்ஸ்ட்ராம் வரையும் எடுத்தால், இரண்டு வீச்சுகளின் பெருக்கலை இரட்டித்துப் பையால் வகுத்தால் கிடைப்பது சுமார் 10. பத்துக்கு மேல் மாறிகளைப் போட்டால் யானையைக்கூடப் பொருத்திவிடலாம். அதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

இப்போது முன்பு போட்ட கணக்குக்குத் திரும்புவோம். 2 நானோமீட்டர் துகளில் ஒரு பிளாட்டின அணுவுக்குச் சராசரியாக ஒன்பது பிளாட்டின அண்டைகள் இருக்கும். 5 விழுக்காடு பிளாட்டினம் அத்தகைய துகள்களில் இருந்தால், மொத்தச் சராசரியில் பிளாட்டினம்–பிளாட்டினம் அணைவு எண் 0.45 மட்டுமே. அது பிழை எல்லைக்குள் மூழ்கிவிடும். அதாவது 'பிளாட்டினம்–பிளாட்டினம் முகடு இல்லை' என்ற வாக்கியம் துகள்களே இல்லை என்பதாகாது. நுண்ணோக்கிப் படமும் எக்ஸாஃப்ஸும் ஒரே இடத்தில் குருடாக இருக்கின்றன. ஆகவே அவை ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதாகச் சொல்வதும் அந்த இடத்தில் செல்லாது.

கார்பன் மோனாக்சைடைக் கொண்டு தொட்டுப் பார்த்தல்

பரவல் எதிரொளிப்பு அகச்சிவப்புக் கலம் பல ஆய்வகங்களில் இருப்பதால், பிளாட்டினம், ரோடியம் போன்றவற்றின் மேல் கார்பன் மோனாக்சைடை அமரவைத்து அகச்சிவப்பு நிறமாலை எடுப்பது கைக்கெட்டும் சோதனை. பிளாட்டினத் துகள்களின் மேல் நேராக அமரும் கார்பன் மோனாக்சைடு 2,050 முதல் 2,090 செ.மீ.⁻¹ வரையிலும், இரண்டு அணுக்களுக்குப் பாலமாக அமர்வது 1,800 முதல் 1,860 வரையிலும், நேர்மின் கொண்ட தனி அணுவின் மேல் அமர்வது பெரும்பாலும் 2,090-க்கு மேலும் தோன்றும். எல்லைகள் தாங்கிக்கேற்ப நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று படிவதால், இடத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது.

நம்பகமான வழி, வாயுவின் அளவைப் படிப்படியாக மாற்றுவது. துகளின் மேல் அடுத்தடுத்து அமரும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பாதிப்பதால், நிரம்ப நிரம்ப முகடு மேல்நோக்கி நகரும். தனி அணுவின் மேல் அமர்ந்ததற்கு அருகில் துணை இல்லாததால், முகடு உயரம் மட்டும் கூடிக் குறையும், இடம் நகராது. அளப்பதற்கு முன் கலத்தை ஆர்கானால் துப்புரவாக்கி, 2,143-ஐ மையமாகக் கொண்ட வாயுநிலைப் பட்டைகளை நீக்கிக்கொள்ள வேண்டும். இந்த வாயுவே அணுக்களைப் பெயர்த்துவிடும் ஆற்றல் உள்ளது. ரோடியத் துகள்களை உடைத்துத் தனி அணுக்களாக்கிவிடும் என்பது நெடுநாளாக அறிந்த செய்தி. எனவே முதல் நிமிடத்து நிறமாலைக்கும் முப்பதாவது நிமிடத்து நிறமாலைக்கும் வேறுபாடு உண்டா என்று பார்க்க வேண்டும். நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு என்பதால், எச்சரிக்கைக் கருவி இல்லாத அறையில் உருளையைத் திறக்கவே வேண்டாம்.

வேலை செய்வது யார்

இதுவரை செய்தவை எல்லாம் முதல் கூற்றுக்கான சான்றுகள். இரண்டாவது கூற்றை நிறுவ வினையின் வேகத்தையே கேள்வி கேட்க வேண்டும். இதற்கு நான் மாணவர்களுக்கு எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு, 2003-இல் மரியா ஃப்ளைட்சானி-ஸ்டெஃபனோபூலஸ் குழுவினர் செய்தது. கார்பன் மோனாக்சைடும் நீராவியும் சேர்ந்து ஹைட்ரஜன் தரும் வினைக்கு, சீரியம் ஆக்சைடின் மேல் தங்கம் ஏற்றிய வினையூக்கியை எடுத்துக்கொண்டு, சயனைடு கரைசலால் கழுவி உலோகத் தங்கத் துகள்களை முழுவதும் அகற்றினர். தங்கத்தின் பெரும்பகுதி போன பிறகும் வினைவேகம் குறையவில்லை. கண்ணுக்குத் தெரிந்த துகள்கள் அங்கே வெறும் பார்வையாளர்கள். ஆக்சைடோடு பிணைந்து எஞ்சிய தங்கமே வேலைக்காரர். சந்தேகத்துக்குரியவரை வெளியேற்றிவிட்டு வேலை நிற்கிறதா என்று பார்ப்பதே இதன் உத்தி. (சயனைடைக் காரத்தன்மையுள்ள கரைசலில் மட்டுமே கையாள வேண்டும், அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். அனுமதியும் அனுபவமுள்ளவர் துணையும் இல்லாமல் முயலவே கூடாது.)

நம் ஆய்வகத்தில் செய்யத்தக்கது உலோக அளவை மாற்றிப் பார்க்கும் தொடர். 0.05, 0.1, 0.5, 1 விழுக்காடு என்று நான்கு மாதிரிகளைச் செய்து, வினைபடுபொருள் மாறும் அளவு 10 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி வினையை நடத்தி, ஓர் அணுவுக்கு ஒரு நொடியில் எத்தனை மூலக்கூறு மாறுகிறது என்று கணக்கிட வேண்டும். குறைந்த அளவுகளில் இந்த எண் மாறாமல் இருந்து, அளவு கூடும்போது விலகினால், அந்த இடத்தில் புதிய அமைப்பு ஒன்று தோன்றியிருக்கிறது. கூடவே, அதே தாங்கியில் வேண்டுமென்றே துகள்களை உண்டாக்கி அவற்றின் வேகத்தையும் அளக்க வேண்டும். இந்த மாதிரியைப் பலர் செய்வதில்லை; இதுவே தீர்ப்புச் சொல்லும் மாதிரி. துகளில் உள்ள ஓர் அணு, தனி அணுவைவிட 20 மடங்கு வேகமாக வேலை செய்வதாக வந்தால், ஒளிந்திருக்கும் அந்த 5 விழுக்காடே விளைபொருளில் பாதிக்குமேல் தந்துவிடும். மாறாகத் துகள் மந்தமானது என்று வந்தால், 5 விழுக்காட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

நச்சூட்டும் சோதனையும் உண்டு. அமிலத்தில் இரும்பு–நைட்ரஜன் அமைப்பைத் தயோசயனேட் முடக்கும். வேகம் விழுந்தால் உலோகம் பங்கேற்கிறது என்று பொருள். ஆனால் அது பிளாட்டினத் துகளையும் முடக்கும். எனவே 'உலோகமா, வெறும் கரியா' என்ற கேள்விக்கு அது பதில் தருமேயன்றி, 'தனி அணுவா, துகளா' என்பதற்குத் தராது.

வினை நடக்கும்போது

சுட்டு எடுத்த தூளின் அமைப்பும் வேலை செய்யும்போது அதன் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2018-இல் வெளிவந்த ஆய்வொன்றில், கார்பன் டையாக்சைடை மின்வேதி முறையில் ஒடுக்கும்போது செம்புத் தாலோசயனினில் இருந்த தனிச் செம்பு அணுக்கள் சுமார் 2 நானோமீட்டர் அளவுள்ள உலோகக் கொத்துகளாகத் திரண்டதும், மின்னழுத்தத்தை நீக்கியதும் பழைய நிலைக்கே திரும்பியதும் பதிவாயின. வினைக்கு முன்னும் பின்னும் மட்டும் அளந்தவர், 'அமைப்பு மாறவில்லை, தனி அணுவே வேலை செய்தது' என்று மனசாட்சியோடு எழுதியிருப்பார். எழுதியது தவறாக இருந்திருக்கும். செம்பு போல எளிதில் ஒடுங்கும் உலோகமானால், மின்னழுத்தம் கொடுத்தபடியே எக்ஸ்-கதிர் அளவீடு செய்யாமல் எதையும் அறுதியிட்டுச் சொல்லக் கூடாது.

இரும்புக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. இரும்பின் அணுக்கரு காமாக் கதிரை உட்கவர்வதை அளக்கும் மாஸ்பௌயர் நிறமாலைக்கு முடுக்கி வேண்டாம். சுமார் 272 நாள் அரைவாழ்வுள்ள கோபால்ட்-57 மூலம் போதும். தனி இரும்பு, ஆக்சைடு, கார்பைடு, உலோக இரும்பு ஆகியவற்றை அது நன்றாகவே பிரித்துக் காட்டும். இயற்கை இரும்பில் அதற்குத் தேவையான இரும்பு-57 சுமார் 2 விழுக்காடே இருப்பதால், நீர்த்த மாதிரிகளுக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். செறிவூட்டிய இரும்பை வாங்க நிதி இருந்தால் காத்திருப்பு குறையும். மிக நுண்ணிய ஆக்சைடுத் துகள்கள் அறை வெப்பநிலையில் தனி இரும்பைப் போல வேடமிடும் என்பதால், தாழ்வெப்பத்திலும் ஒருமுறை அளந்தால்தான் நம்பலாம்.

கணினிக் கணக்கீட்டைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். நமக்குப் பிடித்த அமைப்பை மட்டும் வரைந்து அதன் ஆற்றல் தடை குறைவாக வருகிறது என்று காட்டுவது சான்றாகாது. ஐந்தாவது ஈனி உள்ளது, இல்லாதது, இரண்டு உலோக அணுக்கள் அருகருகே உள்ளது, சிறு கொத்து என்று போட்டியிடும் அமைப்புகளுக்கும் ஸேன்ஸைக் கணித்து, எதெது அளவீட்டோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டினால் அது பயனுள்ள கணக்கு.

எழுதும்போது ஒவ்வொரு கூற்றையும் அதன் சான்றின் அளவுக்கே நிறுத்த வேண்டும். 'வினைக்கு முன் எடுத்த 60 படங்களில் துகள் எதுவும் தென்படவில்லை. எக்ஸாஃப்ஸின் பிழை எல்லைப்படி துகள்களில் இருக்கும் பிளாட்டினம் 5 விழுக்காட்டைத் தாண்டாது. அதே தாங்கியில் செய்த துகள் மாதிரி ஓர் அணுவுக்கு இதைவிட மந்தமானது' என்று எழுதினால், மதிப்பீட்டாளர் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். அவர் கேட்கும்போது மாதிரி தீர்ந்துபோயிருக்கக் கூடாது. ஒரே சுடுதலில் வந்த தூளில் கொஞ்சத்தைச் சிறு குப்பிகளில் ஆர்கானோடு மூடி, தேதியும் உலை எண்ணும் எழுதி, உலர்த்துக் கலத்தில் எடுத்துவைத்துவிட வேண்டும்; மறுபடி சுட்டால் வருவது வேறு மாதிரி.